பதினோராவது பெயர்

மணி மூன்றே முக்கால். பாடுகிறவர்கள் பதினோரு பேர். பதினோராவது பெயர் கித்தேரியம்மாள். போன வருஷம் மே பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இந்த மூன்றையும் வைத்துத்தான் செய்தியை அனுப்பினேன், அண்ணாச்சி. இதில் என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள்.

இல்லை, உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் உங்களைத் தெரியாது. உங்கள் பையிலிருந்து மஞ்சள் அழைப்பிதழ் எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்த்துத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். கல்லாந்துறை கரையிசை விழாவுக்குத்தானே போகிறீர்கள்? நானும் அங்கேதான். அது என் ஊர். பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார், பாருங்கள். செந்தூர் ரயில் போகிற வரைக்கும் இந்தக் கேட் திறக்காது. மணி என்ன? இரண்டு ஐம்பது. சரி, நேரம் இருக்கிறது. இல்லை என்றும் சொல்லலாம்.

பெயர் வியாகுலராஜ். ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக ஒரு பேப்பருக்குப் பகுதி நேர நிருபர். எந்தப் பேப்பர் என்று சொல்ல மாட்டேன். எப்படியும் என் பெயர் அதில் ஒரு தரம்கூட வந்ததில்லை. 'நமது நிருபர்' என்று வரும். நான் பேசுவதே பேப்பர் படிப்பது மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்வாள். இருக்கட்டும், பழக்கம்.

எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மாவட்டப் பக்கத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு முடித்துவிடுவார்கள். விழா தொடங்குவதே ஐந்து மணிக்கு. அப்படியென்றால் மறுநாள் காலையில் செய்தி எப்படி வரும்? நிகழ்ச்சி நிரலை முன்னால் வைத்துக்கொண்டு, நடக்கப்போவதை நடந்ததாக எழுதி மத்தியானமே அனுப்பிவிட வேண்டும். 'திரளானோர் கலந்துகொண்டனர்.' கலந்துகொள்வார்கள். எங்கே போகப் போகிறார்கள்? 'முன்னிலை வகித்தார்.' ஒரு வருஷம் முன்னிலை வகித்தவர் மஸ்கட்டில் இருந்தார். அவர் அம்மா என் கடைக்கு வந்து அந்தச் செய்தியைப் பத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். யாருக்கு என்ன நஷ்டம்? பதினேழு வருஷமாக விழா நடக்கிறது, பதினேழு வருஷமும் நான்தான் எழுதினேன். ஒரு புகார் கிடையாது.

விழா என்றால் பெரிதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் மேடை. இந்த மாதம் விசைப்படகுக்குத் தடைக்காலம். எங்களுடையது நாட்டுப்படகு ஊர், எங்களுக்குத் தடை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஊரே மணலில் வந்து உட்காரும். பதினோரு பேர் தனிப்பாடல் பாடுவார்கள். எல்லாம் ஊர்க்காரர்கள். ஆளுக்குக் கால் மணி நேரம். எட்டரை மணிக்கு மைக்கை அணைத்துவிட வேண்டும். இது போலீஸ் போட்ட விதியல்ல. விடியலுக்கு முன்னால் படகு இறக்கப் போகிறவன் தூங்க வேண்டும் என்று ஊர் போட்ட விதி. பிஷப்பே வந்து பாடினாலும் எட்டரைக்கு மைக் கட்.

இன்னொரு விதியும் உண்டு, அதுதான் விஷயம். மூன்றாம் வருஷ விழாவில் இரண்டு பேர் 'நான் இன்னும் பாடவில்லை, என் முறைதான்' என்று மேடையிலேயே சண்டை போட்டார்கள். துடுப்பால் அடித்ததில் ஆர்மோனியம் உடைந்தது. பங்குச்சாமியார் கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொன்னார். மறுநாள் பேப்பரில் யார் பெயர் பாடியதாக வருகிறதோ அவர் பாடியவர். பாடக் காத்திருக்கிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் அடிக்குப் போகும். மறுபடி முறை வர ஆறு வருஷம். விழாச் செயலாளர் ரெமிஜியூஸ் மாஸ்டர், ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார், என் செய்தியை வெட்டி ஒரு நீள நோட்டில் பசை போட்டு ஒட்டிவைப்பார். ஊரில் அந்த நோட்டுக்கு மேல் பேச்சு கிடையாது. யோசித்துப் பாருங்கள், அண்ணாச்சி. என் எழுத்தை வைத்து ஒரு ஊர் நடக்கிறது. சென்னையில் உட்கார்ந்து தலையங்கம் எழுதுகிறவனுக்கு இந்த மரியாதை உண்டா?

ரயில் சத்தம் கேட்கிறதா? இல்லை, லாரி.

கித்தேரியம்மாள் எனக்கு மைனி முறை. பெரியப்பா மகன் சந்தியாகு அண்ணனின் மனைவி. ஐம்பத்து நான்கு வயது. கரையில் ஏலம் கூறுவது அவர்தான். பெண் ஏலம் கூறுவது எங்கள் பக்கம் அபூர்வம். ஆனால் அந்தத் தொண்டைக்கு முன்னால் எந்த ஆண் நிற்பான்? வியாபாரிகள் வேனுக்குள் இருந்தே விலை கேட்பார்கள். ஆனால் கோயிலில் பாடும்போது அது வேறு குரல். முப்பது வருஷமாகப் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசை. தனியாகப் பாடியதில்லை. ஒரு முறை வாய்ப்பு வந்தபோது மகள் ஜெசிந்தாவுக்குப் பிரசவம். மறுபடி ஆறு வருஷம் காத்து, போன வருஷம் வந்தது. பதினோராவது இடம்.

அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. எலுமிச்சம்பழ அளவு. தைராய்டு. ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். பாளையங்கோட்டை டாக்டர் அறுத்து எடுக்கத்தான் வேண்டும் என்றார். குரல் அப்படியே இருக்கும் என்று தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். மைனி அவரிடம், 'மே பத்தொம்பது முடியட்டும் டாக்டர். ஒரு தடவ பாடிட்டு வந்து படுத்துருதேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

விழா அன்றைக்குக் காலைப் பூசை முடிந்து என் கடை வாசலில் நின்றார்.

"கொழுந்தனாரே, கடைசி ஆளுதானேன்னு எம் பேரக் கழிச்சிராதியும்."

"மைனி, நீங்க பாட்டை ஒழுங்கா பாடுங்க. பேரை நான் பாத்துக்கிடுதேன்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினேனா இல்லையா? மூன்றே முக்காலுக்கு அனுப்பிய செய்தியில் கடைசி வரி அவருக்குத்தான். 'நிறைவாகக் கித்தேரியம்மாள் பாடிய பாடல் கேட்டோர் நெஞ்சை உருக்கியது. கைதட்டல் அடங்க நெடுநேரமானது.' மற்ற பத்துப் பேருக்கும் சேர்த்து 'செவிக்கு விருந்தளித்தனர்', அவ்வளவுதான். சொந்தக்காரர் என்று ஓரவஞ்சனை செய்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. செய்திப் பணியில் இருபத்தைந்து ஆண்டு நிறைவு என்று எனக்கு ஒரு பாராட்டு. ஆறு பேர் பாடி முடித்ததும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். ஏற்புரையாக நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். சுருக்கமாகத்தான். முதல் செய்தியாகக் கரை ஒதுங்கிய திமிங்கிலத்தை எழுதியதைச் சொன்னேன். சாலை கேட்டுத் தொடர்ந்து ஒன்பது செய்தி எழுதியதைச் சொன்னேன். சுனாமியைத் தொடாமல் இறங்க முடியுமா? சுனாமியைச் சொன்னால் ஒக்கிப் புயலைச் சொல்லாமல் விட முடியுமா? ஜனங்கள் அசையவில்லை. மைக்செட்காரர் கீழே இருந்து கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார், அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. ரெமிஜியூஸ் மாஸ்டர் ஒரு சீட்டு எழுதி மேசையில் வைத்தார். வாழ்த்து என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் 'மணி 7.20' என்று எழுதியிருந்தது. அதை எதற்கு எனக்கு எழுதிக் கொடுத்தார் என்று இன்றுவரை புரியவில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்றால், விழாவில் ஒழுங்கு இல்லை. ஏழாவதாகப் பாடியவருக்குச் சுதி சேரவில்லை. எட்டாவது ஆள் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். இப்படி நேரம் போனால் யார் என்ன செய்ய முடியும்? பத்தாவது ஆள் முடித்தபோது மணி எட்டு இருபத்தொன்பது. மைனி பச்சைப் பட்டுச்சேலையில் மேடை ஏறினார். கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்து விட்டிருந்தார். மைக்கைக் கையால் தொட்டார். எட்டரை. மைக்செட்காரர் அணைத்துவிட்டார். சந்தியாகு அண்ணன் முதல் வரிசையில்தான் இருந்தார். அவர்கூடத் தடுக்கவில்லை. விதி போட்ட கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். ஆர்மோனியத்தை மூடிவிட்டார்கள், ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மைனி மைக்கிலிருந்து கையை எடுத்தார், இறங்கினார். சிரித்துக்கொண்டுதான் இறங்கினார், நான் பார்த்தேன்.

அப்போதே ஆபீசுக்குப் போன் பண்ணி அந்த வரியை எடுக்கச் சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். ராத்திரி கடைசியாக அச்சாகும் நகரப் பதிப்பில் வேண்டுமானால் எடுத்திருப்பார்கள். ஆனால் என்னைச் சுற்றிப் பத்துப் பேர், பொன்னாடையோடு செல்பி எடுக்க வேண்டும் என்று. மறந்துபோயிற்று. மனிதன்தானே.

மறுநாள் பேப்பரைப் பிரித்தேன். அண்ணாச்சி, என் வயிறு எரிந்தது. நான் எழுதியதில் ஒரு பத்தியை அப்படியே வெட்டிவிட்டார்கள். எந்தப் பத்தி? எனக்குப் பொன்னாடை போட்ட பத்தி! 'இவ்விழாவில் மூத்த செய்தியாளர் ஞா. வியாகுலராஜ் பாராட்டப்பட்டார்.' இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தரம் என் பெயர் வந்திருக்க வேண்டியது. அது நடந்தது, ஊரே பார்த்தது. அதை வெட்டிவிட்டு மற்றதை எல்லாம் போட்டிருக்கிறார்கள். இதைவிட அநியாயம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்த எரிச்சலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மைனி பேப்பரோடு வந்தார். ஏலம் முடிந்து நேரே வருகிறார், முழங்கை வரைக்கும் மீன் செதிள்.

"கொழுந்தனாரே, நான் எப்பம் பாடுனேன்?"

"அது வந்து மைனி..."

"கேட்டோர் நெஞ்சை உருக்கியதுன்னு போட்டிருக்கீரே, எவன் நெஞ்சு உருகிச்சு? ஆளச் சொல்லும். போயி ஒரு எட்டு பாத்துட்டு வாறேன்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினேழு வருஷத்தில் வேறு யாருக்கும் அந்த வரியை எழுதியதில்லை என்று சொன்னேன்.

"வரி கெடக்கட்டும். மாஸ்டர் அத வெட்டி நோட்டுல ஒட்டிட்டாரு. எம் பேரு அடிக்குப் போயிட்டு. இன்னும் ஆறு வருசம். அதுக்குள்ள இந்தத் தொண்ட யாருக்கோ. ஒரு ரெண்டு வரி போடும். 'கித்தேரியம்மாள் பாடவில்லை.' அம்புட்டுத்தான்."

இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரியின் அர்த்தம் என்ன? ஆபீசில் கேட்பார்கள்: பாடாதவர் பாடியதாக எப்படி எழுதினாய்? எத்தனை மணிக்கு அனுப்பினாய்? எல்லா ஊர் நிருபரும் இப்படித்தான் அனுப்புகிறான், ஆபீசுக்கும் தெரியும். தெரிந்தது வேறு, அச்சில் வருவது வேறு. திருத்தம் என்று ஒன்று வந்துவிட்டால் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிவிடுவார்கள்.

"மைனி, பாடுனதாவே இருக்கட்டுமே. பேப்பர்ல வந்தாச்சு, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்."

"அதுகளுக்குப் பேப்பரையா பாடிக் காட்ட?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சரி, இது என் ஒருவனால் நின்ற காரியமா? மைனியும் அண்ணனும் மாஸ்டரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? "கித்தேரி பாடல. எனக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரியும், கடற்கரையில கெடக்கிற நாய்க்கும் தெரியும். ஆனா பேப்பரைத் தாண்டி ஒரு ஆளுக்குக் குடுத்தா, நாளைக்குப் பத்துப் பேரு வருவான். மறுபடி துடுப்பத் தூக்குவான். வியாகுலம் ஒரு திருத்தம் போடட்டும், அடுத்த நிமிசம் நான் மேல ஏத்துதேன்." பழியைத் தூக்கி என் தலையில் வைத்தார். நோட்டு அவர் கையில்தானே இருக்கிறது?

மைனி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் திருத்தத்துக்குக் காத்திருந்தார். டிசம்பர் போயிற்று. ஜனவரி முதல் வாரம் இந்த வருஷ விழாவுக்குப் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். மைனி பெயர் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரித் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, நான்கு தாள். நான் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து எடுத்தேன்.

"கட்டி வளந்துட்டாம்" என்றார். "மே மாசம் வரைக்கும் மாத்திரையில ஓட்டலாம், அதுக்கு மேல ஒரு நாளும் தாங்காதுங்காரு டாக்டர். நீரு திருத்தம் போட்டா மே வரைக்கும் இருந்து பாடிட்டுப் போவேன். போடமாட்டேருன்னா இப்பமே போயிப் படுத்துருதேன். எதுக்கு வச்சிச் சுமக்கணும்? ஒரு வார்த்த சொல்லும்."

"எழுதிப் பாக்கேன் மைனி."

எழுதினேன். சத்தியமாக எழுதினேன். என் போனில் இன்னும் இருக்கிறது, இதோ பாருங்கள். 'சென்ற மே 20ஆம் தேதி இதழில் வெளியான செய்தியில்...' நல்ல வாக்கியம்தானே? அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். அந்த வாரம் உப்பளச் செய்தி வந்தது, அப்புறம் பொங்கல், அப்புறம் ஒரு விபத்து.

பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. வலையில் பெரிய திருக்கை விழுந்திருக்கிறது என்று. அப்படி ஒன்று விழுந்தால் படத்தோடு போடுவார்கள். ஓடினேன். ஏலக்கூடத்தில் வியாபாரிகள், பெண்கள், வேன் டிரைவர்கள் என்று நூறு பேராவது இருப்பார்கள். மைனி பெட்டி மேல் நின்று கூறிக்கொண்டிருந்தார். திருக்கையை இழுத்துப் போட்டார்கள், இரண்டு தரம் விலை கூறினார். மூன்றாம் தரம் கூற வேண்டும். கூறவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவிடம் கொடுத்தார். பாட ஆரம்பித்துவிட்டார்.

மாதா பாட்டுத்தான். மே மாதம் பாடுவதற்கு வைத்திருந்தது. மைக் இல்லை, ஆர்மோனியம் இல்லை. முழுப் பாட்டு, நான்கு சரணமும். ஒரு வியாபாரி, வெளியூர்க்காரர், 'ஏலம் என்னம்மா ஆச்சு' என்று வாயைத் திறந்தார். சந்தியாகு அண்ணன் அவர் தோளில் கை வைத்தார், அதோடு சரி. ஐஸ் உடைக்கிறவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டான். இறங்கிக்கொண்டிருந்த வள்ளத்துக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார்கள். முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. மைனி ஜெசிந்தாவிடமிருந்து துண்டை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மூன்றாம் தரம் கூறி ஏலத்தை முடித்தார்.

நான் திருக்கையைப் படம் எடுத்தேன். நல்ல படம். ரெமிஜியூஸ் மாஸ்டர் வந்து என் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதப் போடுவியா வியாகுலம்?" என்றார். "எத?" என்றேன். "இதத்தான்" என்றார். நீங்கள் நியாயமாகச் சொல்லுங்கள். ஏலத்துக்கு நடுவில் ஒரு அம்மாள் பாடினார். இதில் செய்தி எங்கே இருக்கிறது? தலைமை யார், முன்னிலை யார்? நிகழ்ச்சி நிரல் உண்டா? மறுநாள் மூன்றாம் பக்கத்தில், 'கல்லாந்துறையில் 210 கிலோ திருக்கை', இரண்டு பத்தி, படத்தோடு.

அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து. யாரும் எனக்குச் செய்தி தருவதில்லை. சாவுக்குச் சொல்வதில்லை, சடங்குக்குச் சொல்வதில்லை. ஜெராக்ஸ் எடுக்கப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போகிறார்கள், அண்ணாச்சி. ஒரு தாளுக்கு! எல்லாம் வாட்ஸப் வந்ததால் என்கிறேன் நான். வீட்டில் அவள் பேசாமல் இருக்கிறாள். இந்த வருஷம் எனக்கு அழைப்பிதழும் தரவில்லை. நிகழ்ச்சி நிரல் கேட்டால் மாஸ்டர், 'வந்து உக்காந்து கேளு, கேட்டுட்டு எழுது' என்கிறார். விவரம் இல்லாத பேச்சு. ஐந்து மணிக்குப் பக்கம் மூடுகிறவனிடம் அதைச் சொல்ல முடியுமா? அச்சகத்தில் ஒரு பிரதி கிடைக்குமா என்றுதான் தூத்துக்குடி போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். அந்த மஞ்சள் தாளைக் கொஞ்சம் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு தந்துவிடுகிறேன். தலைமை, முன்னிலை, பதினோரு பெயரின் வரிசை, அவ்வளவுதானே, பஸ் நகர்வதற்குள் செய்தியை அனுப்பிவிடலாம். மணி மூன்று பத்து.

என்ன? மைனியா? கேட்கிறீர்களே என்று சொல்கிறேன். பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பாளையங்கோட்டையில் கித்தேரியம்மாளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மணி நேரம் ஆனது. இருபத்து நான்காம் தேதியிலிருந்து அவர் கரைக்கு வருகிறார்; ஏலம் கூறுவது மகள் ஜெசிந்தா.